மழைக்கு நடுவே வீடு கட்டுதல்: மதுரைப் பக்கம் கட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மதுரையில் மழை பெரும்பாலும் சாயந்திரமோ ராத்திரியோதான் வரும். இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஆனால் அந்த இரண்டு மணி நேர மழைக்கு வீட்டு வேலை பத்து நாள் நிற்கும். குழியில் தண்ணீர் நிற்கும், இறைக்க மோட்டார் கிடைக்காது. மணல் பாதி ரோட்டுக்குப் போயிருக்கும். அடியில் அடுக்கிய சிமென்ட் மூட்டை கல்லாகியிருக்கும். இதையெல்லாம் சரிசெய்து முடிப்பதற்குள் கொத்தனார் வேறு சைட்டுக்குப் போயிருப்பார். தாமதத்தில் மழையின் பங்கு கொஞ்சம்தான், மீதி நாம் சேர்த்தது.

அழகர்கோவில் சாலைப் பக்கம் செம்மண்ணில் என் வீட்டைக் கட்டினேன். அப்புறம் திருமங்கலம் பக்கம் கரிசலில் மச்சான் கட்டியபோது கூடவே நின்றேன். புதிதாகக் கட்டுகிற அக்கம்பக்கத்தாரும் நான் விழுந்த அதே பள்ளங்களில் விழுவதைப் பார்த்துவிட்டு, வேலை நடக்கும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன். 1000 சதுர அடி தரைத்தள வீட்டை மனதில் வைத்துப் படியுங்கள்.

1. காலண்டரிலிருந்து தொடங்குங்கள்

மதுரையின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அதிலும் அக்டோபர்தான் உச்சம். ஆவணி, புரட்டாசியிலும் சாயந்திர இடிமழை உண்டு. சித்திரை, வைகாசியில் கோடை மழை எப்போதாவது வரும். ஆகவே இலக்கு ஒன்றுதான்: ஐப்பசி பிறப்பதற்குள் மேல்தளம் போட்டிருக்க வேண்டும். தலைக்கு மேல் கூரை வந்துவிட்டால் பாதி வேலை மழைக்குக் கட்டுப்படாது.

அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மேல்தளம் ஆனி, ஆடியில். சுவர் சித்திரை, வைகாசியில். கடைகாலும் (அஸ்திவாரம்) பேஸ்மென்டும் (அதற்கு மேல் வீட்டுத் தரை உயரம் வரை எழுப்பும் பகுதி) மாசி, பங்குனியில். அப்படியானால் தை 12 அல்லது மாசி 22 வாஸ்து நாளில் தொடங்கினால் சரியாக வரும். ஆடியில் புதிதாகத் தொடங்கத்தான் பலர் தயங்குவார்கள், நடக்கிற வேலையை நிறுத்த மாட்டார்கள்.

ஐப்பசி 11-ம் வாஸ்து நாள்தான். வீட்டுப் பெரியவர்கள் அந்த நாளைப் பிடித்துக்கொண்டால் சண்டை போடாதீர்கள். அன்று பூமி பூஜை போட்டு முதல் கல்லை வைத்துவிடுங்கள். வாணம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டுவதை மட்டும் தைக்குத் தள்ளிவிடுங்கள்.

மழையோடு திருவிழாவையும் சேர்த்து எண்ண வேண்டும். தைப் பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு. மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஆட்கள் ஊருக்குப் போவார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் சைட்டில் ஆள் தேடாதீர்கள். இவையெல்லாம் தெரிந்த நாட்கள். ஆபத்தானது தீபாவளி, ஏனென்றால் அது மழைக்குள் வருகிறது. தீபாவளிக்குப் போனவர் திரும்பும் நேரத்தில் நாலு நாள் மழை பிடித்தால் கார்த்திகையில்தான் வந்து சேருவார். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வாரத்துக்கு நாலு நாள் வேலை என்று நான் கணக்கு வைத்துக்கொள்வேன். ஐந்து நாள் நடந்தால் லாபம்.

2. மனையில் ஒரு மழையைப் பாருங்கள்

வரைபடம் போடுவதற்கு முன் ஒரு நல்ல மழையில் குடையோடு மனையில் போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது, எங்கே தேங்குகிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மதுரையைச் சுற்றிப் புது மனைகள் பல, கண்மாயை ஒட்டியோ பழைய வயல் வாய்க்கால் மேலோ இருக்கின்றன. பத்திரத்தில் வாய்க்கால் இருக்காது, ஆனால் தண்ணீருக்குப் பழைய வழி மறக்காது. 2024 அக்டோபர் கடைசியில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர் வரும் பக்கத்தில் முதலில் ஒரு சிறு வடிகால் வெட்டிவிடுங்கள். ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம் போதும். ஒரு ஆள் ஒரு நாளில் முடிக்கிற வேலைதான். இதைத் தவிர்த்துவிட்டு வாணம் தோண்டினால், பக்கத்து மனைத் தண்ணீருக்கும் சேர்த்து நீங்கள்தான் குளம் வெட்டிக் கொடுத்ததாகும்.

லாரி வரும் பாதையையும் இப்போதே பாருங்கள். கரிசலில் ஒரு மழை பெய்தால் ஜல்லி லாரி இறங்காது, இறங்கினால் ஏறாது. வாசல் வரை கிராவலோ உடைகல்லோ கொட்டி மிதித்து வையுங்கள். மச்சான் வீட்டில் இந்தச் செலவை மிச்சம் பிடித்தோம். ஒரு லாரி புதைந்து, ஜேசிபி வைத்து இழுத்து, மீதி ஜல்லியை மெயின் ரோட்டில் கொட்டி, சித்தாள்கள் சட்டி சட்டியாகச் சுமந்தார்கள். மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு போனது.

3. மேகம் வருவதற்கு முன் வாங்குபவை

மழை வந்த அன்று எல்லோரும் இவற்றைத் தேடுவார்கள். அன்று உங்களுக்குக் கிடைக்காது.

தார்ப்பாய்: 24க்கு 30 அடியில் இரண்டு. 1000 சதுர அடித் தளத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மூட இது போதும். ஒரே பெரிய தார்ப்பாயாக வாங்கினால் நனைந்தபின் நாலு பேரால்கூடத் தூக்க முடியாது. காற்றில் பறக்காமலிருக்க மணல் மூட்டை இருபதாவது வேண்டும். பழைய சிமென்ட் சாக்கில் மணலை அள்ளிக் கட்டினால் ஆயிற்று.

தண்ணீர் இறைக்கும் மோட்டார்: சொந்தமாக வேண்டாம். வாடகைக் கடை எங்கே, பெட்ரோலில் ஓடுவது இருக்கிறதா என்று விசாரித்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் மின்சாரம் இருக்காது என்பதால்தான் பெட்ரோல் மோட்டார்.

சிமென்ட் வைக்க ஷெட்: தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பலகை, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல். தரையிலும் சுவரிலும் இருக்கும் ஈரத்தைச் சிமென்ட் இழுத்துக்கொள்ளும். பத்துக்கு மேல் போனால் அடி மூட்டை நசுங்கிக் கட்டிதட்டும். மழைக்காலத்தில் பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள், முதலில் வந்ததை முதலில் எடுங்கள். மூன்று மாதம் கடந்த சிமென்டைச் சோதிக்காமல் தளத்துக்கும் பில்லருக்கும் போடக் கூடாது.

செங்கல் மட்டும் விதிவிலக்கு, அதை முன்கூட்டியே வாங்கிக் குவித்துக்கொள்ளுங்கள். பச்சைக் கல் காய வெயில் வேண்டும் என்பதால் மழைக்காலத்தில் காளவாசல்கள் (செங்கல் சூளைகள்) ஓய்ந்துவிடும், விலை ஏறும். ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

4. ஒப்பந்தத்தில் மழைக்கு நாலு வரி

லேபர் காண்ட்ராக்டோ மெட்டீரியலோடு சேர்த்தோ, எழுதும்போது எல்லோரும் சதுர அடி விலையோடு நின்றுவிடுகிறார்கள். மழை பெய்யும்போதுதான் ‘தார்ப்பாய் யார் வாங்குவது’ என்று பேச்சு ஆரம்பிக்கும். தார்ப்பாயும் மோட்டாரும் யார் செலவு, ஆட்கள் வந்தபின் மழை பிடித்தால் அரைச் சம்பளமா முழுச் சம்பளமா, மழை நின்று எத்தனை நாளுக்குள் திரும்ப வர வேண்டும், மழையில் கெட்ட வேலையை உடைத்துக் கட்டுவது யார் பொறுப்பு என்பதை முன்பே எழுதிவிடுங்கள்.

ஆள் வந்த நாளுக்கு அரைச் சம்பளமாவது கொடுங்கள் என்பது என் கட்சி. கொடுக்காவிட்டால் அடுத்த நாள் மேகத்தைப் பார்த்தே அவர்கள் வேறு இடத்துக்குப் போவார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும், சனிக்கிழமை வாரச் சம்பளத்தை நம்பித்தான் அங்கே எல்லாம் நடக்கிறது.

தாமதத்துக்கு என்ன விலை என்பதையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வங்கியில் 15 லட்சம் எடுத்தாயிற்று, வட்டி 9 சதவீதம் என்றால் மாதம் 11,250 ரூபாய். இருக்கும் வீட்டு வாடகை 12,000 என்றால் மொத்தம் 23,250. ஒரு நாளைக்கு 775 ரூபாய். இதைக் கையில் வைத்துக்கொண்டால் தார்ப்பாய்க்குப் பேரம் பேசி ஒரு வாரம் தள்ளிப்போட மாட்டீர்கள். வங்கிக் கடனில் இன்னொன்று: அடுத்த தவணைக்கு மனு கொடுப்பதை வேலை முடிந்த அன்றே செய்யுங்கள். மதிப்பீட்டாளரும் மழையைக் காரணம் சொல்லித்தான் நாள் தள்ளுவார்.

5. வானிலைச் செய்தியை எப்படிப் படிப்பது

‘மதுரை மாவட்டத்தில் கனமழை’ என்றால் பேரையூரிலிருந்து மேலூர் வரை எங்கே வேண்டுமானாலும் பெய்யலாம் என்று பொருள். கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை. உங்கள் மனையில் ஒரு சொட்டு விழாமலும் போகலாம். இரண்டு முறை ஏமாந்ததும் புதியவர்கள் எச்சரிக்கையைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். மூன்றாவது முறை மாட்டிக்கொள்வார்கள்.

நான் செய்வது இது. வாரக் கணக்கான வேலைக்குச் சென்னை வானிலை மையத்தின் ஐந்து நாள் அறிவிப்பு. தளம் போடும் நாளுக்கு முந்தின ராத்திரியும் அன்று காலையும் தமிழக அரசின் டிஎன்-அலர்ட் செயலி. மேலே ஆட்கள் நிற்கும்போது மின்னலுக்குத் தாமினி செயலி. அப்புறம் கண். ஆவணி, புரட்டாசியில் மேற்கே நாகமலைப் பக்கம் கறுக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசியில் காற்று திரும்பியபின் கிழக்கே பாருங்கள்.

இடி கேட்டால் மொட்டை மாடியிலும் சாரத்திலும் யாரும் நிற்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் ஏற வேண்டும். இதில் பேரமே வேண்டாம்.

6. வாணமும் குழியும்

மழைக்காலத்தில் எல்லாக் குழியையும் ஒரே நாளில் ஜேசிபி வைத்துத் தோண்டுவதுதான் முதல் தவறு. ஜேசிபி வாடகை மிச்சமாகத் தெரியும். ஆனால் 12 குழி தோண்டி, கம்பி கட்ட ஐந்து நாள் ஆகி, நடுவில் ஒரு மழை வந்தால் 12 குழியும் போச்சு. நாலு நாலாகத் தோண்டுங்கள். தோண்டிய அன்றே அடியில் வெறும் கான்கிரீட் படுக்கை போட்டுவிடுங்கள். அந்தப் படுக்கைதான் அடிமண்ணுக்கு மூடி. அதன்மேல் தண்ணீர் நின்றால் இறைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். படுக்கை இல்லாமல் நின்றால் மண் ஊறிவிடும்.

அன்றே படுக்கை போட முடியாதென்றால் கடைசி அரை அடி மண்ணை எடுக்காமல் விட்டுவையுங்கள். கான்கிரீட் போடும் காலையில் அதைக் கையால் வெட்டி எடுத்தால் அடியில் ஊறாத மண் கிடைக்கும். மூன்று நாளை மிச்சப்படுத்தும் வேலை இது, ஆனால் யாரும் செய்வதில்லை.

தோண்டிய மண்ணைக் குழி ஓரத்திலேயே குவிக்காமல் ஒரு மீட்டராவது தள்ளிப் போடுங்கள். நனைந்த மண்ணின் பாரம் கரையைச் சரித்துவிடும்.

குழியில் தண்ணீர் நின்றுவிட்டால், ஒரு மூலையில் சின்னப் பள்ளம் வெட்டி, மோட்டார் குழாயை அதில் விட்டு இறையுங்கள். பிறகு கடப்பாரையை அடியில் குத்திப் பாருங்கள். மச்சான் வீட்டுக் கரிசலில் கடப்பாரை ஒரு சாண் ஆழத்துக்கு வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. “ஜல்லியைக் கொட்டித் திமிசு போட்டுட்டா இறுகிரும்ணே, நாளைக்கே கான்கிரீட் போட்டிரலாம்” என்றார் கொத்தனார். திமிசுக் கட்டையால் எவ்வளவு இடித்தாலும் இறுகாது. கல் சேற்றுக்குள் போகும், சேறு அப்படியே இருக்கும், பிறகு ஒரு பக்கம் மட்டும் இறங்கிச் சுவரில் விரிசல் விடும். ஊறிய மண்ணை முழுக்கச் சுரண்டி எடுத்தோம். எடுத்த ஆழத்தை மண்ணால் நிரப்பாமல் கான்கிரீட் படுக்கையையே தடிமனாகப் போட்டோம். இரண்டு நாளும் சில மூட்டை சிமென்டும் கூடுதலாகப் போயின. அந்த இரண்டு நாள் வீண் என்று இன்றுவரை தோன்றியதில்லை.

கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அங்கே எந்த வகைக் கடைகால் என்பதைப் பொறியாளர்தான் முடிவுசெய்ய வேண்டும். பக்கத்து வீட்டைப் பார்த்து நகலெடுக்காதீர்கள்.

செப்டிக் டேங்க், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) வேலை இந்த நேரத்தில் நடந்தால், மழை வரும்போது காலியாக விடாதீர்கள். சுற்றி மண் ஊறித் தண்ணீர் மட்டம் ஏறினால் காலித் தொட்டி மிதந்து மேலே வந்துவிடும், பிளாஸ்டிக் தொட்டி இன்னும் சுலபமாக வரும். உள்ளே தண்ணீர் நிரப்பி, மேலே பலகை போட்டு மூடுங்கள். தெருப் பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதை மறக்க வேண்டாம்.

7. பேஸ்மென்ட் நிரப்புதல்

பேஸ்மென்ட் சுவர் எழுப்பிவிட்டு உள்ளே கிராவல் கொட்டாமல் விட்டால், ஒரு பெருமழையில் அது தொட்டியாகிவிடும். உள்ளே நிற்கும் தண்ணீர் இன்னும் இறுகாத பச்சைச் சுவரை வெளியே தள்ளும். அதனால் சுவரின் அடியில் பத்தடிக்கு ஒரு ஓட்டை விட்டுக் கட்டச் சொல்லுங்கள். நிரப்பி முடித்தபின் அடைத்துக்கொள்ளலாம்.

அரை அடி அரை அடியாகக் கொட்டித் திமிசு போட வேண்டும். ‘மழைத் தண்ணியே இறுக்கிரும்’ என்று முழு உயரத்துக்கும் ஒரேயடியாகக் கொட்டிவிடுவது இங்கே வழக்கம். மேல்பக்கம் இறுகும். அடியில் பொள்ளலாகக் கிடந்து, குடிபோன இரண்டாம் வருஷம் டைல்ஸ் இறங்கும். கரையான் மருந்தை மழை மேகம் இருக்கும் நாளில் அடிக்காதீர்கள், அடித்தது கழுவிக்கொண்டு போய்விடும்.

8. நனைந்த மணல் அளவை ஏமாற்றும்

இதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. ஈர மணல் உப்பி நிற்கும். அதே சட்டியில் அள்ளினாலும் உள்ளே மணல் குறைவு, காற்று அதிகம். கலவையில் மணல் குறையும், தண்ணீர் கூடும். இரண்டும் சேர்ந்து விரிசலில் முடியும்.

சோதிப்பது எளிது. நேரான கண்ணாடிப் பாட்டிலில் ஈர மணலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். அந்த மணலை வெளியே தட்டிவிட்டு, பாட்டிலில் பாதி தண்ணீர் விட்டு, மணலைத் திரும்ப உள்ளே போட்டுக் கலக்கிப் படியவிடுங்கள். 16 சென்டிமீட்டருக்கு இறங்கினால் மணல் 25 சதவீதம் உப்பியிருக்கிறது. வழக்கமாக 4 சட்டி போடும் இடத்தில் அன்று 5 சட்டி போட வேண்டும்.

தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் விடும் கான்கிரீட்டில், நன்றாக நனைந்த மணலே ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீரைச் சுமந்து வந்துவிடும். மிக்சர் மெஷின்காரர் பழக்கத்தில் அதே வாளி அளவை ஊற்றிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சிமென்டில் கட்டி இருந்தால் விரலால் நசுக்கிப் பாருங்கள். பொடிந்தால் சரி. பொடியாத கட்டி உள்ள மூட்டை பூச்சுக்கும் வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். கம்பியில் லேசான செம்பழுப்புத் துரு பிரச்சினை இல்லை. செதில் செதிலாக உரிந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

9. சுவர்

ஒரு நாளைக்கு நாலடி, மிஞ்சினால் ஐந்தடி உயரத்துக்கு மேல் எழுப்பாதீர்கள். மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று ஒரே நாளில் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) வரை ஏற்றுவார்கள். இறுகாத கலவையை மழை அரித்தால் மேல் பாரம் சுவரைச் சாய்த்துவிடும். சாயந்திரம் வேலை முடிந்ததும் சுவரின் தலையைப் பாலிதீன் போட்டு மூடி, மேலே இரண்டு கல்லை வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மறுநாள் மேல்வரிசைக் கலவை கரைந்திருந்தால் அந்த ஒரு வரிசையை மட்டும் பிரித்துக் கட்டினால் போதும்.

ஆடிக் காற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். குறுக்குச் சுவர் இல்லாமல் தனியாக நிற்கும் நீளச் சுவருக்கு இரண்டு பக்கமும் முட்டு கொடுங்கள்.

10. மேல்தளம்

இந்த ஒரு நாளுக்குத்தான் நிறைய ஏற்பாடு வேண்டும். 1000 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் பீம் சேர்க்காமலே கிட்டத்தட்ட 12 கன மீட்டர் கான்கிரீட். மிக்சரும் லிஃப்டும் வைத்துப் போட்டால் காலையில் ஆரம்பித்துச் சாயந்திரம் வரை இழுக்கும். சாயந்திரம்தான் நம் ஊரில் மழை நேரம். ஆவணிக்குப் பிறகு போடுவதாக இருந்தால் ரெடிமிக்ஸ் லாரியும் பம்பும் வைத்து மதியத்துக்குள் முடிப்பது நல்லது. லாரி வர வழியில்லையென்றால் ஆட்களை விடியற்காலை வரச்சொல்லி, ஆறு மணிக்கு முதல் சட்டி விழ வேண்டும்.

முந்தின நாள் நாலு காரியம் செய்யுங்கள். முதலாவது, முட்டுகளின் அடி. சவுக்கோ இரும்பு ஜாக்கியோ, வெறும் மண்ணில் நின்றால் நனைந்ததும் இறங்கும், தளம் தொப்பை போடும். ஒவ்வொன்றின் அடியிலும் பலகை வையுங்கள், செங்கல் துண்டு வேண்டாம். இரண்டாவது, எலக்ட்ரிக் பைப்புகளின் வாயை அடையுங்கள். மூன்றாவது, தார்ப்பாயை மேலேயே கொண்டுபோய்ச் சுருட்டி வையுங்கள், கீழே ஷெட்டில் இருக்கும் தார்ப்பாயால் பயனில்லை. நாலாவது, வேலையைப் பாதியில் நிறுத்த நேர்ந்தால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று பொறியாளரிடம் கேட்டுச் சென்ட்ரிங் தகட்டில் (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுத் தகடு) பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள். பொதுவாக அது இரண்டு தாங்கிகளுக்கு நடுப்பகுதியில் வரும். பீம் ஓரத்தில் வெட்டுவிசை (தளத்தைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை) அதிகம் என்பதால் அங்கே வேண்டாம்.

இந்த நாலாவதை நான் செய்யவில்லை. சென்ட்ரிங் தகடு கிடைக்காமல் நாள் தள்ளித் தள்ளி, புரட்டாசிக் கடைசியில் தளம் போட்டோம். மூணே முக்கால் மணிக்கு மேற்கே கறுத்தது. பாத்ரூம் பக்கம் 150 சதுர அடி பாக்கி. “இன்னும் பத்து மூட்டைக் கலவைதாண்ணே, ஓட்டிரலாம்” என்றார் கொத்தனார். ஓட்டவிட்டேன். ஆறாவது மூட்டையில் மழை இறங்கியது. யாரும் பலகை வைத்து நிறுத்தவில்லை, கான்கிரீட் சரிந்து நாக்குபோல நீண்டு கிடந்தது. இரண்டு நாள் கழித்து அந்தச் சரிவின் மேலேயே மீதியைப் போட்டார்கள். ஒவ்வொரு ஐப்பசிக்கும் என் பாத்ரூம் மூலையில் அந்த நாக்கின் வடிவம் ஈரமாகத் தெரியும்.

மழை தொடங்கினால் செய்ய வேண்டிய வரிசை: மிக்சரை நிறுத்துங்கள். போட்டதைக் கோடு வரை கொண்டுபோய், பலகையை நிமிர்த்தி வைத்து, நேராக வெட்டி நிறுத்துங்கள். சரிவாக விட்டால் மெல்லிய ஓரம் உதிரும், புதியது அதோடு ஒட்டாது. பிறகு முடித்த பகுதியை மூடுங்கள். தார்ப்பாய் கான்கிரீட்டில் படாதபடி ஓரங்களில் கல்லடுக்கி, சவுக்குக் கம்பு குறுக்கே போட்டு, தண்ணீர் வெளியே வடியுமாறு சாய்த்துக் கட்டுங்கள்.

மழை நின்றதும் தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சாலோ சாக்காலோ ஒற்றி எடுங்கள். சிமென்ட் தூளை மேலே தூவாதீர்கள். ஈரத்தை இழுப்பதுபோலத் தெரியும், ஆனால் அது தனித்தோலாக நின்று பின்னால் உரியும். சிமென்ட் பால் கழுவிப்போய் ஜல்லி பல்லைக் காட்டினால், இறுகும் முன்பு அதே விகிதக் கலவையைக் கொஞ்சம் போட்டுத் தேய்க்கலாம். இறுகிவிட்டால் எதுவும் பூசாமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

திரும்பப் போடும்போது வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவி) ஊசி தன் எடையிலேயே பழைய கான்கிரீட்டுக்குள் இறங்கினால் அப்படியே தொடரலாம். இறங்காவிட்டால் மறுநாள்தான். இணைப்பு முகத்தைக் கம்பி பிரஷால் கல் தெரியத் தேய்த்து, கழுவி, சிமென்ட் பால் தடவிவிட்டுப் போடுங்கள்.

தளம் நன்றாக இறுகியபின் வரும் மழைக்குப் பயப்பட வேண்டாம், அது இலவச க்யூரிங் (கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது). ஆனால் அதை நம்பி, தளத்தின் மேல் தண்ணீர் நிற்கப் பாத்தி கட்டாமல் விடாதீர்கள். ராத்திரி மழை பெய்திருந்தாலும் மறுநாள் பதினோரு மணிக்குத் தளம் காய்ந்து கிடக்கும். பிபிசி சிமென்டுக்கு (நிலக்கரிச் சாம்பல் கலந்தது) 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும்.

முட்டுப் பிரிப்பதில் அவசரம் வேண்டாம். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள் என்பது ஐஎஸ் 456 தரநிலை சொல்லும் குறைந்தபட்சம். அது சாதாரண ஓபிசி சிமென்டுக்கான கணக்கு. பிபிசி மெதுவாகத்தான் பலம் ஏறும் என்பதால் எந்தத் தளத்துக்கும் 14 நாளுக்குக் குறைந்து நான் பிரிக்கவிட மாட்டேன். சென்ட்ரிங்காரர் அடுத்த வீட்டுக்குத் தகடு வேண்டுமென்று வந்து நிற்பார், நிற்கட்டும்.

11. கூரை வந்தபின் மழை நாளுக்கென்று வேலை ஒதுக்குங்கள்

சுவர் வெட்டிப் பைப் பதிப்பது, உள்பூச்சு, சமையல் மேடை, அலமாரித் தட்டு, உள்ளே டைல்ஸ் எல்லாம் மழையில் நடக்கும். தவறு எங்கே வருகிறதென்றால், வெயில் நாளிலேயே இவற்றை முடித்துவிடுகிறார்கள். மழை வந்ததும் வெளிப்பூச்சு மட்டும்தான் பாக்கி இருக்கும். வெயில் அடிக்கும் நாளில் வெளிவேலை, மழைக்கு உள்வேலை என்று இரண்டையும் கையில் வைத்திருங்கள். கொத்தனாருக்குத் தினமும் வேலை இருந்தால் சைட்டை விட்டுப் போக மாட்டார்.

ஜன்னல் இல்லாத திறப்புகளைப் பாலிதீனால் அடையுங்கள், சாரல் அடித்த பூச்சு கறுத்துப்போகும். தற்காலிக மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) கட்டாயம். ஒயரைத் தரையில் கிடத்தாமல் கம்பில் கட்டித் தூக்குங்கள்.

12. மழைக்கு மறுநாள் காலை

ஏழு மணிக்கு நீங்கள் சைட்டில் இருக்க வேண்டும், ஆட்கள் எட்டரைக்கு வருவார்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒயர்களைப் பாருங்கள். பிறகு முட்டும் சாரமும் இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். அடுத்தது குழித் தண்ணீர், மோட்டாரை ஓடவிட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம். செங்கல் அடுக்கில் கைவிடும் முன் ஒரு கம்பால் தட்டுங்கள், மழைக்குப் பாம்பும் தேளும் அங்கேதான் ஒதுங்கும். கடைசியாக மணல். இவ்வளவையும் பார்த்துவிட்டு ஏழரைக்குள் கொத்தனாருக்குப் போன் போட்டு, ‘வாங்கண்ணே, வேலை இருக்கு’ என்று சொல்லிவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் சொன்னால் அவர் வேறு இடத்துக்கு வண்டியைத் திருப்பியிருப்பார்.

ஒரு நோட்டில் தேதி, மழை நேரம், நின்ற வேலை ஆகியவற்றை எழுதி, இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டரோடு நாள் கணக்குப் பேசும்போது அதுதான் பேசும்.

13. வெயிலும் தாமதம்தான்

கத்திரி வெயிலில் பட்டப்பகலில் தளம் போட்டால் மேல்பரப்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்து மயிரிழை விரிசல் விடும். காற்றும் சேர்ந்தால் இன்னும் மோசம். விடியற்காலையில் ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடிக்கப் பாருங்கள், அல்லது வெயில் தாழ்ந்தபின் தொடங்குங்கள். தேய்த்து முடித்த பகுதியில் உடனுக்குடன் ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டே வாருங்கள். சித்திரையில் போர்வெல் வற்றும் பகுதியென்றால் பாத்திக்கு வேண்டிய லாரித் தண்ணீரை முன்பே சொல்லி வைத்துவிட்டுத்தான் தளத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

14. மழைக்குள் செய்யக்கூடாதவை

பெயின்ட். பூச்சு முடிந்து நாலு வாரமாவது காய வேண்டும், ஐப்பசி, கார்த்திகையில் அதற்கு மேலும் ஆகும். ஒரு சதுர அடி பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பட்டியை (பெயின்டுக்கு முன் பூசும் மாவு) தொடாதீர்கள்.

மரக்கதவு. மழையில் மரம் ஊதியிருக்கும். அப்போது இழைத்துப் பொருத்தினால் பங்குனி வெயிலில் சுருங்கி விரல் நுழையும் சந்து விடும். நிலையை வைத்துவிடலாம், கதவுகளை ப்ரைமர் அடித்து உள்ளே சாய்த்து வைத்துவிட்டுத் தை மாதம் மாட்டுங்கள்.

மொட்டை மாடித் தட்டோடு (மாடித் தரையில் பதிக்கும் ஓடு). இதையும் தை, மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அந்த வருஷத்து மழையில் மாடியில் எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே ஈரம் இறங்குகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வாருங்கள். தட்டோடு பதிப்பவர் வாட்டம் பார்க்கும்போது அந்த வட்டங்களைக் காட்டினால் போதும்.